பாக்கியத்தின் மூச்சும் நாற்பத்து மூன்று சிரட்டைகளும்

என் மனைவி பாக்கியத்தின் சாவுக்கு நான்தான் காரணம்.

அறியாமல் நிகழ்ந்த பிழை என்று எண்ணிவிடாதீர்கள். எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன். தெரியும் என்பதை எனக்கே மறைத்து வைத்தேன்... அது இன்னும் கொடியது.

முகமறியாத உங்களிடம் இதைச் சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் வரியை எழுதிவிட்டு இரண்டு நாட்கள் பேனாவைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எடுத்தேன். முதல் வரி அங்கேயே இருந்தது. அடிக்க மனம் வரவில்லை. தொடரவும் துணிவு வரவில்லை. இன்று தொடர்கிறேன்.

தெஹியோவிட்டவுக்கு மேலே, மலைச்சரிவில் உள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் நான். பால் வெட்டுகிறவர்களுக்குக் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றேன். தோட்டத்து முருகன் கோவிலில் நாற்பது ஆண்டுகளாகப் பதிகம் பாடுகிறேன். ஏட்டைப் பாராமலே நூற்றுக்கணக்கான பாடல்களைச் சொல்வேன். அதனால் சிறியோரும் பெரியோரும் என்னை ‘ஓதுவாரய்யா’ என்றே அழைக்கின்றனர். தோட்டத்தில் எவரேனும் இறந்தால் பாடையின் முன்னே நின்று பாடுவதும் நானே. உள்ளம் நெக்குருகிக் கரைவதை நான் பாடும்போது பெண்கள் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொள்வார்கள்.

கரைவது! அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் முறை வாயில் உருட்டியிருப்பேன்! என் உள்ளத்தில் ஒரு துளியேனும் கரைந்ததுண்டா?

பூக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆறாண்டுகளுக்கு முன், வைகாசிக் காற்றில் ஓடைக்கரை மரம் ஒன்றின் கிளை முறிந்து பாதையில் விழுந்தது. அதை ஒதுக்கி வைக்கக் குனிந்தேன். பாசிக்கு நடுவே, அரிசி மணியளவு இலைகளோடு ஒரு செடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பூ. கடுகைவிடச் சற்றே பெரிது. ஏடு வாசிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தேன். அம்மம்மா! அத்தனை சிறிய பூவுக்குள் இதழ்கள், இதழ்களில் செவ்வரிகள், நடுவே தேன்நிறத்தில் ஒரு நா, அந்த நாவின் ஓரத்தில் மயிரிழைகள்! மனிதக் கண்ணுக்கென்று படைக்கப்படாத பூ. படைத்தவன் ஒருவனே பார்த்து மகிழ்வதற்காகப் படைத்த பூ. என் கண்கள் நிறைந்தன. அந்தக் கண்ணீர் மெய்யானது. இன்றும் அதை நான் மறுக்க மாட்டேன்.

அது ஓர்கிட் வகையைச் சேர்ந்தது என்று பிறகு அறிந்தேன். கடைகளில் தொங்குகின்ற பெரிய பூக்களின் குலத்தில், விரல்நகத்துக்குள் அடங்கிவிடும் குற்றுருவங்களும் உண்டாம். தேடத் தொடங்கினேன். சில, காற்றில் விழுந்த கிளைகளோடு கிடைத்தன. சிலவற்றை எங்கோ இருக்கும் வளர்ப்பாளர்கள் தபாலில் அனுப்பினார்கள். ரப்பர்ப் பால் பிடித்துப் பழசான தேங்காய்ச் சிரட்டைகளைக் கழுவி, அவற்றில் கரித்துண்டும் பன்னம் எனும் பெரணியின் வேரும் இட்டு, ஒவ்வொரு செடியையும் நூலால் கட்டி அமர்த்தினேன். நாற்பத்து மூன்று சிரட்டைகள்.

மகள் சாந்தி வாங்கித் தந்த கைபேசியில் அவற்றைப் படம் பிடித்து, ஓர்கிட் வளர்ப்போர் குழு ஒன்றுக்கு அனுப்பினேன். அறியாத ஊர்களிலிருந்து பாராட்டுகள் வந்தன. ‘ஐயா, இதை எப்படி உயிரோடு வைத்திருக்கிறீர்கள்?’ என்று படித்தவர்கள் கேட்டார்கள். லயத்து அறையில் வாழும் ஒரு பழைய கங்காணியை! ஆணவம் அறவேண்டும் என்று காலையில் கோவிலில் பாடிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் எத்தனை பேர் பாராட்டியிருக்கிறார்கள் என்று கைபேசியைத் திறப்பேன்.

எங்கள் பகுதி மழைக்குப் பேர்போனது. ஆனாலும் தை, மாசியில் தகரக்கூரை கொதிக்கும். இந்தச் சின்னஞ்சிறு செடிகளுக்கு அந்த வெப்பம் ஆகாது. முதலாண்டு தை மாதத்தில் ஒன்பது செடிகள் சுருங்கிச் செத்தன. வெளிநாட்டில் இவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நீர்ப்புகை ஊட்டி வளர்ப்பதைக் கைபேசியில் கண்டேன். கண்ணாடிப் பெட்டிக்கு நான் எங்கே போவேன்?

எங்கள் வீட்டின் முன் திண்ணையான இஸ்தோப்பையே பெட்டியாக்கினேன்.

லயம் என்பது தோட்டத் தொழிலாளர் வீடுகளின் நீண்ட வரிசை; அதில் ஒரு வீடு என்பது ஓர் அறை, அதன் பின்னே ஒரு குசினி, முன்னே இஸ்தோப்பு. அறையின் ஒரே சன்னல் இஸ்தோப்புக்குள்தான் திறக்கும். இஸ்தோப்பைச் சுற்றிலும் பொலித்தீன் அடித்தேன். உள்ளே கோணிச் சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டேன். கீழே பேசின்களில் நீர் நிரப்பினேன். மூன்று வேளையும் தெளிப்பான் போத்தலால் பனிபோல நீர் தெளித்தேன். செடிகள் களித்தன. அறையின் சுவரில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. மூலைகளில் கரும்புள்ளிகள் தோன்றிப் படர்ந்தன. வாசல் திரையை விலக்கினால் மக்கிய சாக்கின் வாடை முகத்தில் அறையும். எனக்கு அது வாடையாகவே படவில்லை. காட்டின் மணம் என்று சொல்லிக்கொண்டேன்.

“இங்க வந்து பாருங்க,” என்று ஒருநாள் பாக்கியம் பெட்டியைத் திறந்து காட்டினாள். “என் கூறச்சேலையில பூஞ்சணம் பூத்திருக்கு. இதையும் போட்டோ புடிச்சு ஒங்க கூட்டாளிங்களுக்கு அனுப்புங்க. நல்லாருக்குன்னு சொல்லுவாங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அடுத்த வீட்டுச் சரோஜாவும் வாசலில் நின்று கூவுவாள்: “ஏங்க ஓதுவாரய்யா, ஊரெல்லாம் வெயில் காயுது. ஒங்க வூட்டுல மட்டும் பன்னெண்டு மாசமும் அடமழையா?”

“அவருக்குச் சாமி குடுத்த வரம் சரோஜா. கேட்டது மோட்சம், கெடச்சது மழ!” என்பாள் பாக்கியம்.

அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிக்க மூச்சு இருந்தது.

பாக்கியம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டத்துப் புகை அறையில் வேலை செய்தவள். உருட்டி எடுத்த ரப்பர் ஷீட்களை மூங்கில்களில் தொங்கவிட்டு, புகையில் காயவைத்துத் திருப்புவது அவள் தொழில். அவள் கூந்தலில் எப்போதும் விறகுப்புகை மணக்கும். எனவே அவளுக்கு இருமல் தொடங்கியதும் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. புகைதான் என்றார்கள். நானும் அதையே சொன்னேன்.

ஒருநாள் மாலை, மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே அவள் மெதுவாகச் சொன்னாள்:

“ஒரு அதிசயம் பாருங்க. வேலைக்குப் போனா நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. வூட்டுக்கு வந்தாத்தான் அடைக்குது.”

இந்த இடத்தைக் கவனியுங்கள். இதற்கு மேல் என்னால் அறியாமையைச் சொல்லித் தப்ப முடியாது. அந்த வார்த்தைகள் காதில் விழுந்த கணத்தில் என் பார்வை தானாகவே சன்னலுக்குப் போயிற்று. சன்னலுக்கு அப்பால் ஈரச் சாக்குகள் தொங்கின. எனக்கு விளங்கிவிட்டது... முழுமையாக, சந்தேகமின்றி விளங்கிவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் காலையில் கோவிலுக்குப் போய்ப் பாடிவிட்டு, நேரே தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையின் அலுவலகத்துக்குப் போனேன். என் மனைவிக்குப் புகை ஆகவில்லை, அவளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டேன். உண்மை என் வாசலைத் தேடி வருமுன்னே அதை வேறொரு வாசலில் கட்டிப்போட எண்ணினேன்.

தொரை இளைஞர், சிங்களவர். தெரிந்த தமிழில் அன்போடு பேசினார்.

“ஓதுவார் கேட்டா எப்பிடி முடியாது சொல்றது? நாளைக்கு இருந்து அம்மா புகை ரூம் வர வேணாம். வீட்டில நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.”

லயமே என்னைப் போற்றியது. பெண்டாட்டியை இப்படித் தாங்குகிறவர் யார் இருக்கிறார்கள் என்று பெண்கள் தங்கள் கணவர்மாரை ஏசினார்கள். பாக்கியம் மட்டும் போற்றவில்லை.

“யாரக் கேட்டுப் போயி பேசுனீங்க?” என்றாள். “அங்க நாலு பொம்பளைங்களோட சிரிச்சுப் பேசிக்கிட்டுக் கெடந்தேன். இங்க யாரோட பேசுறது? ஒங்க செரட்டைங்களோடயா?”

ஆம். சிரட்டைகளோடுதான்! வேலைக்குப் போன காலத்தில் பகற்பொழுதாவது அந்த ஈரத்திலிருந்து தப்பியிருந்தவளை, இரவும் பகலும் அதற்குள்ளேயே அடைத்துவைத்தேன். அந்தப் புகை அறைதான் அவளைக் காப்பாற்றி வந்ததோ என்று இன்று நினைக்கிறேன்.

அது மட்டுமா? கோவில் வேலை, பிள்ளைகளுக்குப் பதிக வகுப்பு என்று நான் வெளியே திரிந்ததால், நீர் தெளிக்கும் வேலையை அவளிடமே ஒப்படைத்தேன். தன் மூச்சை அடைத்த ஈரத்தைத் தன் கையாலேயே தெளித்தாள். ஒரு வேளையும் தவறவில்லை. போத்தலை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வீங்கிற்று. செடிகளுக்குப் பெயரும் வைத்தாள். இலையே இல்லாமல் வேர் மட்டும் பரப்பிக் கிடக்கும் ஒன்றுக்கு ‘மொட்டையன்’. பூக்க மறுத்த ஒன்றுக்கு ‘தொரச்சாமி’. இருமலுக்கு இடையே அவற்றை வைதுகொண்டே தெளிப்பாள்.

“குடிடா மொட்டையா, குடி. எனக்கு மூச்சு வரலேன்னாலும் ஒனக்குத் தண்ணி வந்துரும்.”

அடுத்த மழைக்காலத்துக்குள் அவளால் ஓடைவரை நடக்க முடியவில்லை. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐந்தே நாட்களில் முகம் தெளிந்தாள். வார்டில் மற்றவர்களுக்குத் தேநீர் எடுத்துக் கொடுக்கும் அளவுக்குத் தேறினாள். வீட்டுக்கு வந்தாள், மூன்றாம் நாள் உதடு நீலம் பாரித்தது. மீண்டும் சேர்த்தோம், தேறினாள். மீண்டும் வந்தாள், விழுந்தாள். சரோஜா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பிலிட்டாள். யாரோ வீட்டு வாசலில் எதையோ புதைத்திருக்கிறார்கள் என்று சிலர் மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள். நான் அவர்களோடு நின்று, குழிக்குள் குனிந்து பார்த்தேன்! புதைத்தவனே குனிந்து தேடினேன்!

மூன்றாம் முறை சேர்த்தபோது ஒரு பெண் வைத்தியர் எங்கள் இருவரையும் முன்னே அமர்த்திச் சிங்களத்தில் கேட்டார். தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு அது இரண்டாம் தாய்மொழிதான்.

“இங்கே இருந்தால் சுகமாகிறது, வீட்டுக்குப் போனால் மோசமாகிறது. வீட்டில் ஏதோ இருக்கிறது. ஈரம் தங்குகிற இடம், பூஞ்சணம், மக்கிய பொருள், பறவை, செடி... ஏதாவது உண்டா? யோசித்துச் சொல்லுங்கள். இது நெஞ்சை மெல்ல மெல்ல இறுக்கிவிடும் நோய். காரணத்தை எடுத்துவிட்டால் பிழைப்பார்.”

பிழைப்பார். அத்தனை தெளிவாகச் சொன்னார்.

பாக்கியம் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்தாறு ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தவள், பதில் என்னுடையதாக இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. நான் என்ன சொல்கிறேன் என்று அறியும் ஆவல் மட்டுமே இருந்தது.

“நே, டொக்டர்,” என்றேன். “அப்படி ஒன்றும் இல்லை. எல்லாம் புகையால் வந்தது.”

பாக்கியம் பார்வையைத் தாழ்த்தி, மடியில் கிடந்த துவாயை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள்.

என் நாவை அப்போதே அறுத்திருக்க வேண்டும்! இறைவன் பெயரைச் சொல்லிச் சொல்லித் தழும்பேறிய நாவு என்று பெருமை பேசுவேன். அந்த நாவுதான் அந்தப் பொய்யைச் சொல்லிற்று. தடுமாறவுமில்லை.

வைத்தியர் நம்பவில்லை போலும். பாக்கியம் தேறி வீடு திரும்பியதும், ஒருவர் வந்து வீட்டைப் பார்வையிடுவார் என்று தகவல் வந்தது. வருவதற்கு முந்திய நாள் நாற்பத்து மூன்று சிரட்டைகளையும் தேயிலைப் பெட்டிகளில் அடுக்கிச் சுமந்துபோய்க் கோவிலின் வாகன அறைக்குள் மறைத்தேன். அதன் பூட்டுக்குத் திறப்பு என்னிடம்தான் இருந்தது. மயில் வாகனத்தின் காலடியில், எவரும் கைவைக்கத் துணியாத இடத்தில்! பொலித்தீனைக் கழற்றினேன். சாக்குகளை எரித்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு பூசினேன். வந்தவர் நல்ல மனிதர். சுற்றிப் பார்த்தார், சன்னலைத் திறந்து மூடினார், வீடு சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

உடனே செடிகளைக் கொண்டுவந்தால் யாரேனும் கண்டுவிடுவார்கள் என்று பத்து நாட்கள் காத்திருந்தேன்.

அந்தப் பத்து நாட்களைப் பற்றி எப்படி எழுதுவேன்...

நான்காம் நாள் அவள் வாசலில் உட்கார்ந்து சரோஜாவுக்குப் பேன் பார்த்தாள். ஆறாம் நாள் தானே தண்ணீர் விழும் பீலிக்குப் போய்க் குளித்துவந்தாள். ஏழாம் நாள் பகலுணவுக்குப் பிறகு பாயில் மல்லாந்து படுத்து உறங்கினாள். மாதக்கணக்காகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கண்ணயர்ந்தவள், குழந்தைபோலக் கால்களை நீட்டி உறங்கினாள்! நெஞ்சு ஏறித் தாழ்வதை நின்று பார்த்தேன். ஓசையே இல்லாத மூச்சு. இறைவா, என் கண்முன்னே நீ சாட்சியத்தை விரித்துக் காட்டினாய். இதற்கு மேலும் ஒருவனுக்கு எப்படி உணர்த்துவாய்?

வாகன அறை வெக்கை மிகுந்தது. பத்தாம் நாள் திறந்து பார்த்தேன். இலைகள் சுருங்கியிருந்தன. மூன்று செடிகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. என் நெஞ்சு பதறியது. ஆம், அதற்குத்தான் பதறியது! அவற்றுள் ஒன்று, நான்காண்டுகளாகப் பூக்காத அந்தத் தொரச்சாமி, முதல் அரும்பு விட்டிருந்தது. ஆடிவேல் விழாவுக்குள் பூக்கும் என்று கணித்தேன். அந்தப் பூவை முருகன் திருவடியில் வைப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறைபணி அல்லவா! இறைபணிக்கு இடையூறு ஏது!

பொய். ஆறாண்டுகளில் ஒரு பூவையேனும் கிள்ளி அவன் திருவடியில் வைத்ததுண்டா? இல்லை. கிள்ள மனம் வராது. படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்புவேன், அவ்வளவுதான். எல்லாவற்றையும் உனக்கே தந்தேன் என்று பாடுகிறவன், கடுகளவு பூவைக்கூடக் கொடுத்ததில்லை.

பெட்டிகளைச் சுமந்துகொண்டு வீட்டுப் படியேறினேன். பாக்கியம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“வந்துட்டாங்களா?” என்றாள்.

“வந்துட்டாங்க,” என்றேன்.

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தெளிப்பான் போத்தலை எடுத்து நீர் நிரப்பத் தொடங்கினாள்.

அவள் தடுத்திருந்தால்! பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கி முற்றத்தில் எறிந்திருந்தால்! ஏசியிருந்தால்! ஏன் அப்படிச் செய்யவில்லை என்று உங்களைப் போலவே நானும் கேட்டுக்கொள்கிறேன். என்மீது கொண்ட அன்பாலா? அல்லது என்னிடம் இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று கைவிட்டுவிட்டாளா? விடை எதுவானாலும் என்னால் தாங்க முடியவில்லை. சில நாட்களில் இந்த விடையை அஞ்சுகிறேன். சில நாட்களில் அந்த விடையை.

மீண்டும் பொலித்தீன், மீண்டும் சாக்கு. அவை திரும்பிய பன்னிரண்டாம் நாள் மீண்டும் ஆஸ்பத்திரி.

இம்முறை ஒரு கிழமை கழித்து, டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். ஆனால் அவசரமில்லை, இன்னும் சில நாட்கள் வைத்திருப்பது நல்லது, கணவர் என்ன சொல்கிறார் என்று தாதி கேட்டாள். நான் பதில் சொல்லுமுன், பாக்கியம் தாதியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

“மிஸ்... தவ தவஸக்,” என்றாள் சன்னமாக. இன்னும் ஒரு நாள்.

என்னிடம் கேட்கவில்லை. தமிழிலும் கேட்கவில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே, எனக்கும் விளங்குகிற அந்த மொழியில், ஓர் அந்நியப் பெண்ணிடம் ஒருநாள் இரந்தாள். வாழ்நாளில் அவள் எதையும் இரந்து நான் கேட்டதில்லை.

நான் கணக்குப் பார்த்தேன். எங்களுக்குப் பதிலாக நீர் தெளித்துவந்த சரோஜா இரண்டு நாளாகத் தெளிக்கவில்லை. தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அரும்பு வெடிக்கும் தறுவாய்.

“வீட்டுக்கே போகிறோம் மிஸ்,” என்றேன். “வீட்டுச் சாப்பாடு இருந்தால் சீக்கிரம் தேறிவிடுவாள்.”

கையெழுத்திட்டேன். என் கையெழுத்து அழகானது. கோணலின்றி விழுந்தது.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள், நடுப்பகல். திரீவீலரின் பின்னிருக்கையில் அவளை என் தோளில் சாய்த்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினேன். ரப்பர் மரங்கள் பின்னோக்கி ஓடின. அவள் வாய் திறந்து திறந்து மூடியது. காற்றைக் கடித்துத் தின்ன முயல்வதுபோல இருந்தது. நான் பதிகம் பாடத் தொடங்கினேன். அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று ஆட்டினாள். பிரதான வீதிக்கு வருமுன்னே என் தோள் கனத்தது.

வேண்டாம் என்றுதான் ஆட்டினாள். வலியால் அசைந்த தலை அன்று. எனக்குத் தெரியும்.

இருந்தும் மறுநாள் அவள் பாடையின் முன்னே நின்று பாடினேன். ஊர் எதிர்பார்த்தது, பாடினேன். குரல் உடையவில்லை. எத்தகைய பக்குவம் என்று வியந்தார்கள். பக்குவமா? அஞ்சினேன் ஐயா! பாட்டு நின்றால் என் வாயிலிருந்து வேறு ஏதாவது வந்துவிடும் என்று அஞ்சினேன்.

அந்த அரும்பு என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கக்கூடும். எனக்குத் தெரியாது. எட்டு நாட்கள் நான் செடிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்த்தபோது காம்பு மட்டும் நின்றது. பூத்து உதிர்ந்ததோ, பூக்காமலே கருகியதோ?

காரியம் முடிந்த பின் சிரட்டைகளை ஓடைக்குக் கொண்டுபோனேன். எரிக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. ஓடையோரத்து மரங்களில், நீர்த்திவலை படும் உயரத்தில், ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டுத் திரும்பினேன். பிழைத்தால் பிழைக்கட்டும், செத்தால் சாகட்டும் என்று விட்டேன். ஒரு மழைக்காலமும் ஒரு தை மாதமும் கழிந்தபின் போய்ப் பார்த்தேன்.

ஒன்றுகூடச் சாகவில்லை! கட்டிய நூல் உளுத்துவிட்டது. வேர்கள் மரப்பட்டையைத் தாமே பற்றியிருந்தன. என் வீட்டில் இருந்ததைவிட இருமடங்காய்த் தழைத்து, கண்ட இடமெல்லாம் பூத்துக் கிடந்தன. ஓடை வீட்டிலிருந்து முந்நூறு அடி தூரம். முந்நூறு அடி! பொலித்தீன் வேண்டாம், சாக்கு வேண்டாம், அவள் கட்டைவிரல் வீங்க வேண்டாம்... சிரட்டைகளை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தால் போதும். செடிகளா அவளா என்று தேர்ந்தெடுக்கும் நிலைகூட எனக்கு நேரவில்லை. இரண்டும் பிழைத்திருக்கும். ஆனால் ஓடையில் இருந்தால் அவை என்னுடையவை அல்ல. அதற்காகத்தான்... அதற்காக மட்டும்தான்.

இனி எஞ்சியிருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் சாந்தி வரக்காப்பொலவில் மணமாகி வாழ்கிறாள். தாயின் முதலாண்டுத் தெவசத்துக்கு வந்தாள். படையல் முடிந்து உறவினர் போனபின் நாங்கள் இருவரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். இன்று சொல்லிவிடுவது என்று காலையிலேயே முருகன்மேல் ஆணையிட்டிருந்தேன்.

“அம்மா சாந்தி,” என்று தொடங்கினேன். “ஒங்கம்மா செத்ததுக்கு...”

“அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்,” என்றாள் அவள், என்னை முந்திக்கொண்டு. கண்கள் ஏற்கெனவே சிவந்திருந்தன. “எனக்கு அப்பவே சந்தேகம்ப்பா. கடைசியா அம்மாவப் பாக்க வந்தப்ப தனியா கேட்டேன். இந்தச் செடிங்க, இந்த ஈரம் எல்லாம் நெஞ்சுக்கு ஆகாதேம்மா, நான் அப்பாகிட்ட சொல்லி எடுக்கச் சொல்லவான்னு.”

“அம்மா என்ன சொன்னா?”

“சிரிச்சாங்க. ‘அது அப்பா வளக்கிறது இல்லடி, நான் வளக்கிறது. அவரு எடுத்துர்றேன்னுதான் சொன்னாரு, நான்தான் விடல. அதுங்க இல்லேன்னா இந்த வூட்டுல எனக்குத் தொணையே இல்ல. நீ அப்பாகிட்ட வாயத் தொறக்காத’ன்னாங்க. சத்தியம் வாங்கிக்கிட்டாங்கப்பா.” அவள் விம்மினாள். “அம்மா சொன்னத நான் கேட்டிருக்கக் கூடாது. அன்னைக்கே எல்லாத்தையும் பிடுங்கி வீசியிருக்கணும். தெரிஞ்சே அம்மாவ விட்டுட்டேன். ராப்பகலா அதே நெனப்பா இருக்குப்பா... நான்தானே?”

அவள் என் கைகளைப் பற்றியிருந்தாள். என் மகள், என் குற்றத்தைத் தன் தலைமேல் ஏற்றிக்கொண்டு என் எதிரே அமர்ந்திருந்தாள். ஒரே ஒரு சொல்லால் அவளை விடுவித்திருக்கலாம். ‘நான்’ என்ற சொல் போதும். ஆணவம் என்று நான் பாடிப் பழித்த அந்தச் சொல்லை, அன்று சொல்வதுதான் அறமாக இருந்தது.

வாயைத் திறந்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், உண்மையிலேயே திறந்தேன்.

“அழாதம்மா,” என்றேன். “செடியுமில்ல, ஈரமுமில்ல. பொகைதான். டொக்டரே சொன்னாரு.”

“நெசமாவாப்பா?”

“முருகன் மேல ஆணையா.”

அவள் நெடுமூச்செறிந்தாள். முகம் தெளிந்தது. தன் தாயின் முகத்தைப் போலவே இருந்தது. என் கால்களைத் தொட்டு வணங்கிவிட்டு, ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனாள்.